லாந்தரும் மதிலும்

தாம்பரம்–கடற்கரை மின்ரயில் 1931லேயே ஓட ஆரம்பிச்சுடுச்சு. காலை வண்டியில் ஏறிப் பாருங்க. குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சீருடை போட்ட பெண் பிள்ளைகள் ஏறுவார்கள். இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். பெண்ணைப் படிக்கவைப்பதற்காகச் சட்டத்தை மீறிய ஒருத்தியின் கதை தெரிந்த பிறகு, எனக்கு அது சாதாரணமாகத் தெரிவதில்லை.

18ஆம் நூற்றாண்டு அயர்லாந்து. கத்தோலிக்கர் பள்ளி நடத்தக் கூடாது, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்கவும் கூடாது. காசுள்ளவர்கள் ரகசியமாகப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அப்படிப் படித்து வந்தவர் நேனோ நேகிள் (1718–1784). காசில்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 1750களில் கார்க் நகரத்தில், வீட்டாருக்கே தெரியாமல், சுமார் 30 ஏழைப் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். இரவில் லாந்தரோடு சந்து சந்தாகப் போய் நோயாளிகளையும் பார்த்தார்.

1771இல் உர்சுலைன் சபையைக் கார்க்குக்குக் கொண்டுவந்தார். ஆனால் மடத்து மதிலைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் விதி. அப்புறம் சந்துகளுக்கு யார் போவது? 1775இல் தானே ஒரு சபையைத் தொடங்கினார். இன்று பிரசன்டேஷன் சகோதரிகள் என்று அறியப்படுவது அதுதான். அவர் இறந்து 21 வருஷம் கழித்து, 1805இல் ரோம் சபையை அங்கீகரித்தது. கூடவே அதே மதில் விதியும் வந்தது.

1842 ஜனவரியில் மதர் பிரான்சிஸ் சேவியர் கரன் தலைமையில் ஒரு சிறு குழு சென்னையில், இன்றைய ஜார்ஜ் டவுனில் வந்து இறங்கியது. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் 27 வருஷம் இருந்தது. மதிலைத் தாண்டக் கூடாத பெண்கள் பாதி உலகத்தைத் தாண்டி வந்திருந்தார்கள்!

இங்கேதான் வரலாறு சிக்கலாகிறது. அயர்லாந்தில் அவர்களுடைய பள்ளியைத் தடுத்தது பிரிட்டிஷ் அதிகாரம். சென்னையில் அதே அதிகாரத்தின் நிழலில்தான் பள்ளி நடந்தது. 1909இல் மவுண்ட் ரோடில் சர்ச் பார்க் பள்ளி வந்தது. ஜெயலலிதா படித்த பள்ளி. அந்தப் பெயர் ஊரில் அந்தஸ்துக்கு இன்னொரு பெயராகிப்போனது. அதிகாரத்துக்குப் போகும் வழியைப் பெண்களுக்குத் திறந்ததும் அதே ஆங்கிலக் கல்விதான் என்பதையும் மறுக்க முடியாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு மடத்து மதில் விதி தளர்ந்தது. ஆனால் நம் ஊரில் வேற மதில்கள் இருக்கு: கட்டணம், அப்ளிகேஷன், 'அப்பா அம்மா என்ன படிச்சிருக்காங்க?' என்ற கேள்வி. ஒரு பள்ளி எவ்வளவு பழமையானது என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். நேனோ நேகிளை அளவுகோலாக வைத்தால் கேட்க வேண்டிய கேள்வி வேற: சந்திலிருந்து வரும் பிள்ளைக்கு அதன் கேட் திறக்குதா?