வடிகானும் மனிதர் கையும்

ஒரு வீட்டின் சிறப்பை அதன் முன்வாயில் கொண்டு அளப்பது உலக வழக்கு. பின்புறத்து வடிகானைக் கொண்டு அளத்தலே முறையாகும். கழிவுநீர் செல்ல வழி வகுத்தல் ஒரு கலை. அவ்வழி அடைபட்டவிடத்து அதனைத் திறக்க வகை செய்தல் அதனினும் அரிய கலை. இவ்விரண்டாவது கலையின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

மொகெஞ்சதாரோ நகரத்தார் தெருவோரக் கான்களைச் செங்கல்லாற் கட்டி, எடுக்கத்தக்க கற்களால் மூடினர். மண்டி தங்குதற்கு இடையிடையே குழிகளும் அமைத்தனர். ஆகவே, மூடியை அகற்றி வாரினாற் போதும், அடைப்பு நீங்கும். தமிழரும் இத்துறையிற் பின்தங்கியவரல்லர். 2014இல் தொடங்கிய கீழடி அகழாய்வுகளிற் சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன. குறளில் வரும் அங்கணம், மணிமேகலையில் வரும் சுருங்கை என்னுஞ் சொற்களும் கருதத்தக்கன.

மேனாட்டில் 1775ஆம் ஆண்டு அலெக்சாந்தர் கமிங் என்பார் வளைகுழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் தேங்கும் நீர் தீய வாயுவைத் தடுக்கும். ஆயின் சோற்றுப் பருக்கையும் மயிரும் நெய்ப்பசையும் தங்குமிடமும் அதுவே. இவ்வாறு அடைப்பு கண்ணுக்கு மறைந்தது, கருவிகள் பெருகின. திருகி இணைக்கும் பிரம்புக் கழிகள் வந்தன. கைப்பிடியிற் பொருத்திய இறப்பர்க் கிண்ணமும் வந்தது. நீர் எளிதில் அமுங்காது. எனவே கிண்ணத்தின் அழுத்தம் நேரே அடைப்பைத் தாக்கும். கிண்ணம் நீரில் மூழ்கியிருத்தல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே. 1933இல் அமெரிக்காவில் சாமுவேல் பிளாங்க் என்பார், துணி துவைக்கும் பொறியின் மோட்டாரைக் கொண்டு, வேரறுக்கும் சுழல் கம்பியை இயக்கினார். காரச் சோடாவோ நெய்ப்பசையைச் சவர்க்காரமாக்கிக் கரைக்கும். ஆனால் கையையும் கண்ணையும் எரிக்கும்.

இனி நம் றக்வானைப் பக்கத்தை நோக்குவோம். தோட்டத்து லயங்களின் முன்னே ஓடும் கான் திறந்த கான். அதனைத் துப்புரவு செய்தவர் வாசற்கூட்டி. அவருக்கு வாய்த்த கருவிகள் விளக்குமாறும் மண்வெட்டியுமே. இக்கருவிகள் எட்டாதவிடத்து அவர் கையே கருவியாயிற்று. நம் மலைச்சரிவுகளில் வடித்த இறப்பர்ப் பால் உலகெங்கும் சென்றது. அதிலிருந்து ஒரு சோடி கையுறை அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. இது சிறு குறையன்று. எலியின் சிறுநீர் கலந்த நீர், காயம்பட்ட தோலின் வழியே எலிக்காய்ச்சலை உடலுட் செலுத்தும். இரத்தினபுரி மாவட்டமோ அந்நோய் மிகுந்த மாவட்டங்களுள் ஒன்று. இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம், காப்பின்றி மனிதரைக் கழிவுநீர்க் குழியில் இறக்குவதைத் தடை செய்தது. அதன் பின்னரும் அங்கே உயிர்கள் மாய்ந்துள்ளன.

இவற்றால் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. கட்டுவோன் திறவாய் வைக்க மறந்தவிடத்தெல்லாம் பிறனொருவன் உடலே கருவியாகின்றது. இன்று லயத்தை விட்டுத் தனி வீடு கட்டுவோர் பலர். அவர்கள் கானைச் சீமெந்தால் முற்றும் மூடிவிடாது, வளைவுதோறும் திறக்கத்தக்க மூடி ஒன்று வைப்பாராக. மாணவர்காள்! சாக்கடையைத் தொடுவோனை இழித்துரைப்பது கல்வியாகாது. அவன் தொடவேண்டாதபடி வீடு சமைப்பதே கல்வியின் பயனாகும்.