லேக் கார்டன்ஸிலிருந்து டம்டம் வரை: கல்கத்தாவின் இசைத்தட்டுச் சந்தையும் தமிழ் ஒலி வரலாறும்

கல்கத்தாவில் பழைய இசைத்தட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் விடை ஃப்ரீ ஸ்கூல் தெரு. மிர்சா காலிப் தெரு என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும், தட்டு வாங்குவோர் நாவில் பழைய பெயரே நிற்கிறது. விடை சரியானதுதான், ஆனால் வரலாற்று மாணவருக்கு அது பாதி விடை. அந்தத் தெருவுக்குத் தட்டுகள் எங்கிருந்து வந்து சேர்கின்றன என்பது இரண்டாவது கேள்வி. அதைப் பின்தொடர்ந்தால் லேக் கார்டன்ஸ் போன்ற தென் கல்கத்தாக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்வோம்.

1920களில் நகர மேம்பாட்டு அமைப்பினர் வெட்டிய பெரிய ஏரி, இன்று ரவீந்திர சரோபர் எனப்படுகிறது. அதன் தென்புறம் லேக் கார்டன்ஸ். கிழக்கே சிறிது தொலைவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். தென்மேற்கே டாலிகஞ்ச் திரைப்படக் கூடங்கள். ஏரிக்கு வடக்கே, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட்டும் ராஷ்பிஹாரி அவென்யூவும். அரசு அலுவலர், ஆசிரியர், கம்பெனிக் கணக்கர் முதலிய படித்த நடுத்தர வர்க்கத்தார் குடியேறிய நிலப்பரப்பு இது. இசைத்தட்டுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கக்கூடிய வீடுகள் இங்குதான் இருந்தன. இன்று அத்தகைய பழைய வீடுகள் இடிபட்டு அடுக்ககங்கள் எழுகின்றன. அப்போது பழைய பொருள் வாங்குவோரின் வண்டியில் செய்தித்தாள் கட்டுகளோடு தட்டுகளும் ஏறுகின்றன. ஃப்ரீ ஸ்கூல் தெருவின் சரக்கு இப்படிக் கலைந்த வீடுகளிலிருந்து வருவது.

லேக் கார்டன்ஸுக்கு அருகில் உள்ள மெட்ரோ நிலையம் ரவீந்திர சரோபர். அங்கே வடக்கு நோக்கி ஏறுபவர் காளிகாட், பார்க் ஸ்ட்ரீட், எஸ்பிளனேடு, சாந்தினி சௌக் வழியாக டம்டம் சென்றடைவார். இந்திய இசைத்தட்டின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரே தடத்தை ஒட்டி நிகழ்ந்தது.

தொடக்கம் நகரின் நடுவில். கிராமபோன் கம்பெனி 1901இல் கல்கத்தாவில் அலுவலகம் திறந்தது. 1902 நவம்பரில் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் இங்கே கௌஹர் ஜான் முதலியோரின் குரல்களைப் பதிவு செய்தார். மெழுகில் பதிந்த அக்குரல்கள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் ஆலைக்குச் சென்று, தட்டுகளாக அச்சாகித் திரும்பி வந்தன. பாடகர் தம் பெயரைப் பாட்டின் இறுதியில் உரக்கச் சொல்லும் வழக்கம் அக்காலத்துத் தட்டுகளில் கேட்கிறது. மொழி அறியாத ஆலைப் பணியாளர் அடையாளம் காண்பதற்கான ஏற்பாடு அது என்று பொதுவாக விளக்குவர்.

1908இல் சியால்டாவில் கம்பெனியின் அச்சு ஆலை தொடங்கியது. கல்கத்தா அன்று ஆட்சித் தலைநகர், பெரிய துறைமுகம். தட்டுக்கு வேண்டிய அரக்கோ சோட்டா நாக்பூர் காடுகளிலிருந்து இதே துறைமுகம் வழியாகத்தான் உலகுக்குச் சென்றுகொண்டிருந்தது. 1920களின் இறுதியில் ஆலை டம்டமுக்குப் பெயர்ந்து பெரிதாயிற்று. அதன்பின் துணைக்கண்டத்தின் பல மொழிப் பாடல்கள் டம்டமில் அச்சாயின.

தமிழ் ஒலி வரலாற்றை எழுதுவோர் இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். கர்நாடக இசைக்கு மேடை சென்னை. ஒலிப்பதிவும் பெரும்பாலும் அங்கேயே நடந்தது. ஆனால் எச்.எம்.வி. தட்டு பொருளாக உருப்பெற்றது கல்கத்தாவில். எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963ஆம் ஆண்டு வெங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு விடியற்காலையில் எத்தனையோ தமிழ் வீடுகளில் ஒலித்தது. அதை வெளியிட்ட நிறுவனத்தின் தலைமையிடம் கல்கத்தா என்பதை அட்டையின் அடியில் உள்ள சிற்றெழுத்தைப் படித்தவர் மட்டுமே அறிந்திருப்பர். திரைப்படத்துக்கும் இத்தகைய தொடர்பு உண்டு. சென்னையில் ஒலிப்படக் கூடங்கள் பெருகுவதற்கு முன் ‘வள்ளி திருமணம்’ (1933), ‘அம்பிகாபதி’ (1937) போன்ற தமிழ்ப் படங்கள் கல்கத்தாவில் எடுக்கப்பட்டன.

வெளிநாட்டுக் கம்பெனியோடு வங்காளிகளின் முயற்சிகளும் போட்டியிட்டன. குந்தலின் கூந்தல் தைலத்தால் பெயர்பெற்ற ஹேமேந்திர மோகன் போஸ், சுதேசி இயக்கக் காலத்தில் ரவீந்திரநாத் தாகூரின் குரலை மெழுகு உருளைகளில் பதிந்தார். அவ்வுருளைகளில் பெரும்பாலானவை அழிந்துபோயின. 1932இல் சண்டிசரண் சாகா தொடங்கிய இந்துஸ்தான் நிறுவனத்தின் முதல் தட்டு தாகூரின் குரலைத் தாங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் மெகாஃபோன் நிறுவனமும் எழுந்தது. இந்துஸ்தானின் வழியில் வந்த இன்ரெகோ முத்திரையைத் தமிழர் வேறொரு காரணத்துக்காக அறிவர்: 1970களின் இறுதியில் இளையராஜா இசையமைத்த பல படங்களின் தட்டுகள் அம்முத்திரையில் வெளிவந்தன. தாகூருடைய தட்டின் மரபிலிருந்து இளையராஜாவின் தட்டு வரை ஒரு கல்கத்தா வணிக இல்லத்தின் கதையாகவும் தமிழ்த் திரையிசை வரலாற்றின் ஒரு பகுதியை எழுத இயலும்.

புதிய தட்டு விற்ற கடைகள் முதலில் சௌரங்கி, தர்மதலா பகுதிகளில் இருந்தன. தெற்கே குடியிருப்புகள் வளர்ந்தபோது ராஷ்பிஹாரி அவென்யூவுக்கும் வந்தன. 1980களில் ஒலிநாடா மலிந்து தட்டு வணிகம் நலிந்தது. அதன்பின் நிலைத்தவை பழைய தட்டுச் சந்தைகளே: ஃப்ரீ ஸ்கூல் தெருவின் சிறு கடைகள், வெலிங்டன் சந்திப்பை ஒட்டிய லெனின் சரணி, வீட்டுச் சாமான்களோடு கிராமபோன் பெட்டிகளையும் ஏலம்விட்ட ரஸ்ஸல் தெருக் கூடங்கள். இன்று வாங்கச் செல்பவர் பின்பற்ற வேண்டிய வரைபடமும் பெரும்பாலும் இதுவே.

அங்கே செல்லும் மாணவர் பாட்டை மட்டும் தேடினால் போதாது. 78 சுற்று அரக்குத் தட்டு கனமானது, விழுந்தால் உடைவது, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடுவது. வினைல் இலகுவானது, வளையக்கூடியது. தட்டின் நடுத்தாளில் விற்பனை எண் இருக்கும். அதைச் சுற்றிய வெற்றுப் பகுதியில் அச்சுவார்ப்பின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எந்தப் பதிவு, எந்த அச்சு என்று அறிய இவ்விரண்டும் வேண்டும். ஹேய்ஸ் நகரில் உள்ள ஈ.எம்.ஐ. ஆவணங்களோடும், மைக்கேல் கின்னியர் போன்றோர் தொகுத்த பட்டியல்களோடும் ஒப்பிட்டால் ஒரு தட்டின் பிறப்பு விவரம் தெளிவாகும்.

அதன் பிறகான வாழ்க்கையைச் சொல்பவை வேறு: உறையில் பதிந்த விற்பனையாளர் முத்திரை, மூலையில் மையால் எழுதிய உரிமையாளர் பெயர், திருமணப் பரிசென்ற குறிப்பு, ஒரே பாட்டில் மட்டும் ஊசி தேய்த்த தடம். யார் எதைக் கேட்டார்கள் என்பதற்கு நிறுவனப் பதிவேடுகள் சான்று தருவதில்லை. இந்தத் தழும்புகள் தருகின்றன. ஒரு வீட்டின் ஐம்பது தட்டுகள் சேர்ந்து இருக்கும்வரை அவை ஒரு குடும்பத்தின் கேள்வி வரலாறு. மொழிவாரியாகப் பிரித்துத் தனித்தனியே விற்கப்பட்டதும் அவை ஐம்பது சரக்குகள். கிழிந்த உறையை எறிந்துவிட்டுப் புதிய உறை போடும் கடைக்காரர் தட்டைக் காப்பாற்றுகிறார்; அதன் சான்றை அழித்துவிடுகிறார்.

கடைக்காரரைக் குறைசொல்வது நியாயமாகாது. எவரும் மதிக்காத காலத்தில் தட்டுகளை எடைக்குப் போகாமல் தடுத்தவர்கள் அவர்களே. 1990இல் மும்பையில் உருவான இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் கழகத்தின் உழைப்புக்கும் இத்தகைய சந்தைகளே அடித்தளம். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பனுவல்கள், ஆவணங்கள் புலம் இந்துஸ்தானி இசைக்கென ஒலிக்காப்பகம் நடத்துகிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கிராமபோன் பாட்டுப் புத்தகங்கள் பாதுகாக்கப்படுகின்றன. கல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களின் தட்டுகள் இவ்விரண்டின் எல்லைக்கும் நடுவே விழுகின்றன: ஜாதவ்பூருக்கு மொழி அயல், சென்னைக்கு ஊர் தொலைவு.

இந்திய பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்கு, அது வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் காப்பளிக்கிறது. ஆண்டுதோறும் மேலும் சில பழைய பதிவுகள் பொதுச்சொத்தாகின்றன. அவற்றை எண்ணிமமாக்கும் பணியில் சட்டத்தடை குறைந்துகொண்டே வருகிறது. குறையாதது கால நெருக்கடி.

ஆகவே, செய்யத்தக்க பணி எளியது. ஒரு வீடு காலியாகும் முன் அங்குள்ள தட்டுகளை இருந்த வரிசையிலேயே பட்டியலிடுதல். எண்ணையும் முத்திரையையும் கையெழுத்தையும் படமெடுத்தல். வாங்கியவர் நினைவை அவர் வாயால் பதிவு செய்தல். அதற்குப் பின் தட்டுகள் ஃப்ரீ ஸ்கூல் தெருவுக்குச் சென்றாலும் பட்டியல் நிற்கும். இசைத்தட்டு வாங்க எங்கே செல்வது என்று கேட்கும் ஆய்வாளர், கடைத்தெருவுக்குச் செல்லும் முன் லேக் கார்டன்ஸின் ஒரு கதவைத் தட்டிப் பார்க்கலாம். அங்கே ஒரு பெரியவர் தம் தட்டுகளை வாங்கிய வரிசையிலேயே இன்னும் வைத்திருக்கக்கூடும்.