கப்பல் ஏறினவளும் எச்சில் குழாயும்

போன வருஷம் ஐப்பசி. ஆடிப்பட்டத்து மல்லாட்டையைப் பிடுங்கிப் போட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். (நீங்க வேர்க்கடலைன்னு வாங்கறதுதான். எங்க போளூர் பக்கம் மல்லாட்டை.) அப்போ ஒரு வாடகைக் கார் வந்து நின்னுது. எழுபது வயசு நெருங்கின ஒரு அம்மா இறங்கினாங்க. தென்னாப்பிரிக்கா, டர்பன். தமிழில் அம்மா, தண்ணி, சாமி, இன்னும் நாலைந்து சொல்தான் வரும். கையில் இரண்டு காகிதம்.

முதல் காகிதம் கப்பல் பட்டியலின் நகல். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு அன்றைய நேட்டாலுக்கு இங்கிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போனாங்க. முதல் கப்பல் ‘ட்ரூரோ’, 1860 நவம்பர் 16ல் 342 பேரோடு சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911ல் நிறுத்தும்வரை 384 கப்பல் நடை, 1,52,184 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு போலச் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவங்க. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங் கூலி. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க நினைத்தால் வருஷத்துக்கு மூணு பவுண்டு வரி கட்டணும்னு 1895ல் சட்டம் போட்டாங்க. அதை எடுக்க 1914 ஆச்சு.

ஆடுமாடு விற்கும்போது அடையாளம் எழுதுவது போலத்தான் ஆளையும் எழுதியிருக்காங்க. எண், பெயர், அப்பா பெயர், வயசு, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், ஜில்லா, தாலுகா, ஊர். இந்த அம்மாவோட பாட்டிக்கு அம்மாதான் அந்த வரியில் இருக்கிறவ. வயசு 22, வலது கையில் பச்சை குத்தியிருக்கு, வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா. சாதிக் கட்டத்தில் ‘மலபார்’னு இருக்கு, அந்தக் காலத்து வெள்ளைக்காரன் தமிழனை அப்படித்தான் எழுதுவான். ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் எங்க ஊராகவும் இருக்கலாம், ஏரிக்கு அந்தாண்டை இருக்கிற இன்னொரு ஊராகவும் இருக்கலாம்.

இரண்டாவது காகிதம் டிஎன்ஏ சோதனை முடிவு. குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் நீ எந்த ஊர் ரத்தம்னு சொல்லிடும்னு அவங்க நம்பியிருந்தாங்க. வந்தது ஒரு வரைபடம். இந்தியாவோட தெற்குப் பாதியை மொத்தமா நிறம் அடித்து வைத்திருந்தது. “இது தெரியாமலா இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு நாலு தலைமுறையாப் போறோம்?”னு கேட்டுச் சிரிச்சாங்க. கண்ணில் சிரிப்பு இல்லை.

இந்தச் சோதனை ஊரைக் காட்டாது. ஆளோடு ஆளைத்தான் ஒப்பிடும். டர்பனில் ஆயிரம் பேர் எச்சில் கொடுத்தாலும், இங்கே பிறந்த மண்ணில் இருக்கிறவன் ஒருத்தனும் கொடுக்கலைன்னா சேர்த்துப் பார்க்க எதுவும் கிடையாது.

எங்க வீட்டில் ஒரு கதை உண்டு. தாத்தாவோட அத்தை ஒருத்தி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போயிட்டா. ஆயா சொல்லும்போது ‘கப்பல் ஏறினவ’ன்னு மட்டும் சொல்வாங்க. பெயரே சொல்ல மாட்டாங்க, குடும்பத்தில் பெயரை அழித்துவிட்டார்கள். அதனால் பட்டியலில் உள்ள பெயரை வைத்து ஒண்ணும் உறுதி பண்ண முடியலை. சரி, நான் எச்சில் தர்றேன்னேன்.

சித்தப்பாவுக்குப் பிடிக்கலை. முதலில், “பங்கு கேட்டு வந்தா?”ன்னார். அது இல்லைன்னு தெரிஞ்சதும் குரலைத் தாழ்த்தி, “எவன் பிள்ளை எவன்னு வெளிய வந்தா என்னடா பண்ணுவ?” அதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். ஒருத்தன் துப்பினால் மொத்த வீடும் துப்பின மாதிரிதான். இங்கிலாந்து ராஜா மூன்றாம் ரிச்சர்டு 1485ல் சண்டையில் செத்தவர். 2012ல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் எலும்புக்கூடு கிடைத்தது. அவரோட அக்காவின் பெண் வழியில் வந்த இரண்டு பேரிடம் சோதித்ததில் பொருந்தியது. ஆண் வழி உறவுன்னு ஏட்டில் இருந்த ஐந்து பேரில் ஒருத்தரும் பொருந்தவில்லை. அந்த ஐந்திலேயே ஒருத்தர் மற்ற நாலு பேரோடும் சேரவில்லை. ராஜ வம்சத்து ஏட்டிலேயே இப்படின்னா, நம்ம பங்காளி வரிசை எந்த மூலைக்கு?

ஆனாலும் கொடுத்தேன். முடிவு வர இரண்டு மாசம் ஆச்சு. எனக்கும் அந்த அம்மாவுக்கும் 61 சென்டிமார்கன் பொது. ஒரே மாதிரி இருக்கிற டிஎன்ஏ துண்டுகளோட நீளத்தை அளக்கிற கணக்கு அது. கதை உண்மைன்னா, அவங்க கொள்ளுப்பாட்டியும் என் கொள்ளுத்தாத்தாவும் கூடப்பிறந்தவங்க. அந்த உறவுக்குச் சராசரி எழுபது சொச்சம். விதைக் குவியலில் கண்ணை மூடிப் பாதி அள்ளுகிற மாதிரி ஒவ்வொரு தலைமுறையும் பாதியைத்தான் கொடுக்கும். எந்தப் பாதின்னு யாருக்கும் தெரியாது. இந்த முறை உறவில் பத்தில் ஒரு ஜோடிக்கு ஒரு துண்டுகூடப் பொருந்தாமல் போகும்.

அந்த அம்மா போனிலேயே அழுதாங்க. எனக்குச் சந்தோஷப்படப் பயமா இருந்தது. ஏன்னா எங்க அப்பா கட்டினது சொந்த அக்கா மகளை. அந்தக் கொள்ளுத்தாத்தா எனக்கு அப்பா வழியிலும் வர்றார், அம்மா வழியிலும் வர்றார். அதுக்கு மேலேயும் மாமன் மகள், அத்தை மகள்தான். ஹைதராபாத் ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் மற்றவர்களும் 2009ல் எழுதியது இதுதான்: இந்தியாவில் பல சமூகங்கள் சின்னக் கூட்டமாத் தொடங்கி, வெளியே கலக்காம அதுக்குள்ளேயே பெருகினவை. அப்படிப்பட்ட இடத்தில் தூரத்து உறவும் கிட்டத்து உறவு மாதிரி எண் காட்டும். ஏரிக்கு அந்தாண்டை ஊர்க்காரன் எச்சில் கொடுத்திருந்தால் அவனுக்கும் ஐம்பது வந்திருக்கும்.

இதைச் சுற்றிப் போக ஒரு வழி இருக்கு. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டும் வரும், பாதியாகாது, மாமன் மகளைக் கட்டினாலும் இரண்டு தடவை எண்ணாது. அந்த அம்மா கப்பல் ஏறினவளோட மகளுக்கு மகள் வழிப் பேத்தி, அறுபடாத பெண் வழி. இங்கேயும் அதே போல, கப்பல் ஏறினவளோட கூடப்பிறந்தவளின் பெண் வழியில் ஒருத்தர் வேணும். பொருந்தாவிட்டால் கதை முடிஞ்சுது. பொருந்தினால் பட்டியலுக்கும் 61க்கும் வலு சேரும்.

நான் உதவ மாட்டேன், நான் அண்ணன் வழி. எங்க ஊரில் யாருமே உதவ மாட்டாங்க, பெண்ணைத்தான் வெளியூருக்குக் கொடுத்துடறோமே. பட்டாவில் மகன் பெயர், கோயில் வரி நோட்டில் மகன் பெயர். கப்பல் பட்டியலிலும் அம்மா பெயருக்கு ஒரு கட்டம் இல்லை. பொண்ணைக் கொடுத்த ஊர் வரிசை என் அத்தை வாயில்தான் இருந்தது. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாங்க: “இன்னொருத்தியைச் சேத்துப்பட்டுல குடுத்தாங்க. அவ பொண்ணு ஆரணி. ஆரணிக்காரி பொண்ணை வந்தவாசிப் பக்கம் குடுத்தது. இருக்குதா போச்சான்னு தெரியலை.”

இருந்தாங்க. தொண்ணூறு தாண்டிய ஆயா, திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாங்க. மகன்கிட்டே ஒரு மணி நேரம் விளக்கி, ஆயாகிட்டேயும் சொல்லிச் சம்மதம் வாங்கி, பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து எடுத்தேன்.

“யாருக்குடா இது?”

“கப்பல் ஏறிப் போன உங்க ஆயாவோட அக்கா வழியில வந்தவங்களுக்கு, ஆயா.”

“அவ பேரு என்ன?”

பட்டியலில் இருந்த பெயரைச் சொன்னேன். ஆயா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க.

“அது எங்கம்மா பேருடா” என்றாங்க.

உறையை அன்னிக்கே தபாலில் சேர்த்தேன். பதில் வர எட்டு வாரமாம்.