தீட்டின மரம்

நன்றி கெட்டவனைச் சொல்ல நம்மிடம் ஒரு சொலவடை உண்டு: தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறான். பொருள் எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே அதற்குள் கிடக்கும் புதிரை யாரும் கிளறுவதில்லை. கத்தியைக் கல்லில்தானே தீட்டுவார்கள், மரம் எங்கிருந்து வந்தது? மரத்தடியில் உட்கார்ந்து தீட்டியதைத்தான் இப்படிச் சொன்னார்கள் என்று சிலர் விளக்குவதுண்டு. அது ஒட்டவில்லை. கூர் வந்ததா என்று வெட்டிப் பார்ப்பது எந்த மரத்தையோ, அந்த மரத்தின் மேல்தான் தீட்டலும் நடந்திருக்கிறது. அப்படி இருந்தால்தான் துரோகத்துக்கு உவமையாகும். சொலவடை சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. அப்படி எடுத்துக்கொண்டால் கொங்கு நாட்டின் வெட்டுக் கருவிகளைப் பற்றி நாம் வைத்திருக்கும் ஒரு எண்ணம் தலைகீழாகும். உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறச் சாணைக்கல்லைப் பாட்டன் காலத்துச் சொத்து என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஆலைச் சரக்கு. பழையது மரப்பலகையும் அதன் மேல் தூவிய கல்பொடியும்.

ஏன் அப்படி என்பதற்கு மண்ணைத்தான் கேட்க வேண்டும். நல்ல தீட்டுக்கல் என்பது பெரும்பாலும் படிவுப்பாறை. நுண்ணிய மணல் ஒரே சீராகப் படிந்து இறுகியிருந்தால்தான் இரும்பின் வாயைக் கீறல் விழாமல் தேய்க்கும். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பேர்பெற்ற தீட்டுக்கற்கள் அப்படிப்பட்ட அடுக்குகளிலிருந்து வெட்டி எடுத்தவை. நொய்யலுக்கும் அமராவதிக்கும் இடைப்பட்ட பூமியில் அந்த வகைக் கல் இல்லை. இங்கிருப்பது உருமாறிய பழம்பாறை. கரடுமுரடான மணிகள், ஒன்று கடினம், அடுத்தது மென்மை. அதைக் கைக்கு அடங்க உடைத்துத் தேய்த்தால் அரிவாளின் வாய் ரம்பமாகும். ஆனால் அந்தப் பாறைக்கு நடுவே வெள்ளை நரம்பாக ஓடும் வெங்கச்சங்கல்லுக்குப் பஞ்சமே இல்லை. காங்கேயம் பக்கம் செம்மண் காட்டில் ஏர் ஓட்டினால் வெள்ளை வெள்ளையாக மேலே வருவது அதுதான். கடினத்தன்மை அளவையில் அதற்கு 7. வைரத்துக்கு 10. நாட்டுக் கொல்லர் அடித்த இரும்பை அரைக்க 7 தாராளம். கல்லாக வைத்துக்கொண்டால் உதவாதது பொடியாக்கினால் உதவும். இடித்து, சலித்து, மென்மரப் பலகையில் தூவி, அலகைப் படுக்கவைத்து இழுத்தால் பொடி மரத்தில் பாதி புதைந்து நிற்கும். புதைந்து நிற்பதால்தான் ஆழக் கீறாமல் மெருகிட்டுத் தேய்க்கிறது.

இந்த முறையைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்தவர்கள் மரமேறிகள். பாளை சீவும் அரிவாள் மற்ற அரிவாள் போன்றதல்ல. பாளையின் நுனியைத் தினமும் மெல்லிசாக, ஏறக்குறைய ஏடு ஏடாக எடுக்க வேண்டும். வாய் சற்று மழுங்கினால் பாளை சீவப்படாமல் நசுங்கும்; நசுங்கினால் சொட்டு நின்றுபோகும். சவரக் கத்தியின் கூர்மை வேண்டிய ஒரு கருவியை மரமேறி வைத்திருந்தார், அதற்குப் பலகையும் வெள்ளைக்கல் பொடியும் போதுமாக இருந்தன. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை வந்தபின் பதநீர் இறக்குகிற சிலரைத் தவிரப் பலகைக்கு வேலை இல்லை. சொலவடைக்கு விளக்கம் தேவைப்படும் நிலை வந்ததும் அதை ஒட்டித்தான் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பாளை அரிவாள் தனிச் சாதி. அதை வைத்துக் கோடாரிக்கும் கொடுவாளுக்கும் தீர்ப்புச் சொல்லலாமா? சொல்ல முடியாதுதான். காங்கேயம் கொறங்காடு என்பது கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்த மேய்ச்சல் நிலம். வேலி கழிக்கக் கொடுவாள், காய் உலுக்கவும் கிளை இழுக்கவும் தொரட்டி, வெள்வேலைப் பிளக்கக் கோடாரி. இவற்றில் எதற்கும் சவரக் கூர்மை தேவையில்லை. தேவையில்லை என்பது மட்டுமல்ல, கெடுதல். கோடாரியின் வாயை மெல்லிசாக்கினால் வெள்வேலத்தின் வைரம் பாய்ந்த கட்டையில் பட்டதும் பிசிறும். அதற்கு வேண்டியது சற்றே உப்பின, தடித்த வாய். மழுங்கினால் பட்டறைக்குப் போகும். ஆசாரி காய்ச்சித் தட்டி வாயை நீட்டிக் கொடுப்பார், தண்ணீரில் தோய்ப்பார். நடுவே தேவைப்படுகிற தேய்ப்புக்குப் பாறையே போதும்: கிணற்றுப் படி, துணி துவைக்கும் கல், வாசல் கல். மனிதன் கல்லைத் தேடிப் போனான், கல் அவன் கையோடு வரவில்லை. ஆக மறுப்பு என் வாதத்தைச் சற்றுத் திருத்துகிறது, கவிழ்க்கவில்லை. கரட்டு வேலைக்கு நிலைத்த பாறை, நுண்ணிய வேலைக்குப் பலகையும் பொடியும். இரண்டுக்கும் நடுவே கைக்கல் என்று ஒன்று இருந்ததாகக் காட்டுவது கடினம்.

இதைவிடப் பழைய சாட்சியை எடுத்து நீட்டுபவர்களும் இருக்கலாம். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் மலையடிப் பாறைகளில் வழுவழுப்பான நீள் குழிகள் கிடக்கின்றன. புதிய கற்கால மக்கள் கற்கோடாரியைத் தேய்த்துத் தேய்த்து விழுந்தவை. கல்லில் தீட்டுவது ஆதிப் பழக்கம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தக் குழிகளை உற்றுப் பார்த்தால் அவை எனக்கே துணை வருகின்றன. அங்கும் அசையாதது பாறை, அசைந்தது கோடாரி. கல்லோடு கல் உரசும்போது தண்ணீரும் மணலும் சேர்த்தால்தான் தேய்மானம் விரைவாகும். அதாவது அங்கும் வேலையில் பெரும்பங்கு பொடிக்கு.

பொடியின் கதை கொடுமணலில் வேறொரு உயரத்துக்குப் போகிறது. திருப்பூரைத் தாண்டிக் கிழக்கே ஓடும் நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் அகழாய்வைத் தொடங்கியது. இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன, மூசையில் எஃகு செய்ததற்கான தடயங்கள் கிடைத்தன. எல்லோரும் எஃகைப் பற்றியே பேசினார்கள். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான் என்பார்கள். அங்கும் புகழ் அணிகலனுக்கு. எஃகுக்கும் அணிகலனுக்கும் பொதுவாக அரைக்கும் பொடி ஒன்று இருந்ததை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. வேலை முடியாமல் கைவிடப்பட்ட மணிகள் அங்கே ஏராளம்: பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல், நீலக்கல். பச்சைக்கல்லின் கடினம் 7.5-க்கு மேல். நீலக்கல்லுக்கு 9. வெங்கச்சங்கல் பொடியால் அவற்றுக்கு மெருகேற்ற முடியாது. 9 உள்ளதை அரைக்க 9 வேண்டும். அந்த 9 எங்கே இருந்தது? ஒரு நாள் நடையில், சிவன்மலையில். 1901-இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்த மலைப்பகுதிப் பாறைகளுக்குச் சிவமலைத் தொகுதி என்றே பெயரிட்டு, அவற்றில் குருந்தக்கல் படிகங்கள் இருப்பதை விரித்து எழுதினார். நீலக்கல்லும் குருந்தத்தின் நிறம் ஏறிய வகைதான்.

அப்படியானால் குருந்தம் இருந்த ஊரில் உழவன் ஏன் அதை எடுத்து அரிவாள் தீட்டவில்லை? நான் தரும் விடை சிக்கனம்தான். குருந்தத்தை இடிப்பதே பெரும்பாடு; விற்றால் காசு. நாட்டின் பல பாகங்களிலும் மணி அறுப்பவர்களும் வாள் மெருகிடுபவர்களும் அதன் பொடியை அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்துச் சுழலும் சாணையாக்கினார்கள். அது கைத்தொழில்காரர் சரக்கு. 7-இல் முடிகிற வேலைக்கு யாரும் 9 வாங்குவதில்லை. சொல்லிலேயே இந்தப் பிரிவு தெரிகிறது: சாணை வடமொழிச் சொல், சக்கரத்தோடு ஒட்டியது, தீட்டு நம் சொல், பலகையோடு ஒட்டியது.

குருந்தம் என்ற சொல் மட்டும் நெடுந்தூரம் போய்விட்டது. 1798-இல் சார்ல்ஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவின் இந்தக் கல்லைப் பற்றி எழுதியபோது நம் பெயரையே கொரண்டம் ஆக்கி வைத்தார். 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்உலையில் சுட்டு ஒரு புதுப்பொருள் கண்டார். கரியும் கொரண்டமும் சேர்ந்தது என்று தவறாக எண்ணி அதற்குக் கார்போரண்டம் என்று பேர் வைத்தார். தவறிலேயே நிலைத்த பேர் அது. 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கியதும் அந்தப் பேர் ஊருக்குத் திரும்பி வந்தது. வந்தபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பொடியைப் பசையோடு அழுத்திச் சுட்டுச் செவ்வகமாக்கிய ஆலைக்கல், ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைசு, நாட்டில் இல்லாத படிவுப்பாறையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அது வென்றதற்கு மலிவு மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. இரும்பு மாறியதுதான் பெரிய காரணம். பழைய கோடாரி பெரும்பாலும் மென் இரும்பு, வாயில் மட்டும் உருக்கு. பட்டறைகளுக்கு லாரியின் ஸ்பிரிங் பட்டை வரத் தொடங்கியபின் கொடுவாளும் அரிவாளும் முழு உருக்காயின. பதம் ஏறிய அந்த உருக்கு வெங்கச்சங்கல்லின் கடினத்தை நெருங்கிவிடுகிறது; பலகையில் எத்தனை நேரம் இழுத்தாலும் பொடிதான் மழுங்கும். 9 தேவைப்பட்ட அன்று 9 கடையில் இருந்தது.

பலகையின் கொள்கை மட்டும் ஒழியவில்லை, அது பனியன் கம்பெனிக்குள் போய்விட்டது. திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் மேசையில் அடுக்கடுக்காக விரித்த துணிக்குள் நின்றவாக்கில் ஓடும் கத்தி இயந்திரத்தைத் தள்ளுகிறார். அடுக்கு வழுக்கத் தொடங்கினால், நூல் இழுபட்டால், கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள். இயந்திரத்தில் உள்ள பிடியை அழுத்துகிறார். இரண்டு சிறிய எமரி பெல்ட்டுகள் சுழன்று அலகின் இருபுறமும் ஒட்டுகின்றன, சில நொடிகளில் வாய் திரும்புகிறது. எமரி என்பது இரும்பு கலந்த குருந்தம். இன்று பெல்ட்டில் ஒட்டியிருப்பது ஆலையில் செய்த குருந்தம். கெட்டியான கல் இல்லை, மெத்தென்ற துணி, அதில் பாதி புதைந்த பொடி. மரமேறியின் பலகையில் இருந்ததும் இதுதான், மரத்துக்குப் பதில் துணி. பொடி உதிர்ந்ததும் பெல்ட்டைக் கழற்றிக் கட்பீஸ் மூட்டையோடு கூட்டித் தள்ளிவிடுகிறார்கள்.