மேல்நிலை முதலாண்டு இயற்பியல்: பொதுத்தேர்வுக்கு வெளியே நின்ற ஓராண்டின் வரலாறு

தமிழ்நாட்டில் பல்கலைக்கழகப் படிப்புக்கு முந்தைய கல்வியின் அமைப்பு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருமுறை மாறியது. ஈராண்டு இண்டர்மீடியட் வகுப்பு 1950களின் நடுவில் கைவிடப்பட்டு, ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது. 1978இல் புகுமுக வகுப்பு நீங்கி, ஈராண்டு மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கியது. பதினொன்றுடன் ஒன்று என்பது பத்துடன் இரண்டு என்றானதால், பட்டப்படிப்புக்கு முந்தைய ஆண்டுகளின் கூட்டுத்தொகை பன்னிரண்டாகவே நின்றது. மாறியது ஆண்டுக் கணக்கன்று. அவ்வாண்டுகளுக்கு உரிமையுடையவர் யார் என்பதே. இயற்பியலில் அதன் விளைவு ஏனைய பாடங்களைக் காட்டிலும் ஆழமானது.

புகுமுக வகுப்பு கல்லூரியில் நடந்தது. அதன் பாடத்திட்டத்தை வகுத்ததும் இறுதித் தேர்வை நடத்தியதும் பல்கலைக்கழகமே. ஓராண்டுக்குள் விசையியல், வெப்பம், ஒளி, மின்னியல் ஆகிய அனைத்தையும் நடத்தி முடிக்கும் நெருக்கடி அவ்வகுப்பின் பெருங்குறை. உயர்நிலைப் பள்ளியில் தமிழ்வழி பயின்று வந்தவர் அங்கு ஆங்கிலவழி விரிவுரையைத் திடீரென எதிர்கொண்டார். 1960களில் தொடங்கப்பட்ட தமிழ்வழிப் பிரிவுகள் அச்சுமையை ஓரளவே குறைத்தன. எனினும், நடத்தப்பட்டது முழுவதும் ஒரே தேர்வின் எல்லைக்குள் இருந்தது. விசையியலைத் தவிர்த்துவிட்டு மின்னியலை மட்டும் கற்றுத் தேறும் வழி அவ்வமைப்பில் இல்லை.

மேல்நிலைக் கல்வி இந்நெருக்கடியைத் தளர்த்தியது. பாடம் ஈராண்டுகளுக்குப் பரவியது. தமிழ்வழிப் பாடநூல்கள் மாநிலம் முழுவதும் சென்றன. கல்லூரி இல்லாத சிற்றூர் மாணவரும் தம் பள்ளியிலேயே அறிவியல் பிரிவில் சேர முடிந்தது. இப்பயன்களைச் சிறிதெனக் கருதுதல் தவறு. ஆனால், பாடத்தை இரண்டாகப் பகுத்தபோது தேர்வு பகுக்கப்படவில்லை. 1980 மார்ச்சில் நடந்த முதல் மேல்நிலைப் பொதுத்தேர்வு பன்னிரண்டாம் வகுப்பின் பாடத்துக்கே உரியதாக அமைந்தது. பதினோராம் வகுப்பின் மதிப்பீடு பள்ளியின் ஆண்டுத்தேர்வோடு நின்றது.

அண்டை மாநிலத்தின் முடிவை இவ்விடத்தில் ஒப்புநோக்குதல் தகும். ஆந்திரப் பிரதேசத்தின் இண்டர்மீடியட் கல்வி வாரியம் 1978-79 கல்வியாண்டு முதல் இரு ஆண்டுகளின் முடிவிலும் தனித்தனிப் பொதுத்தேர்வு நடத்தும் முறைக்கு மாறியது. இலங்கையின் கல்விப் பொதுத் தராதர உயர்தரத்தில் ஈராண்டுப் பாடமும் இறுதியில் ஒரே தேர்வில் கேட்கப்படுகிறது. அங்கே பாடத்தின் பெயர் பௌதிகவியல். தமிழ்நாட்டு நூல் ‘நிறை’ என்பதை அந்நூல் ‘திணிவு’ என்கிறது. தமிழ்நாட்டின் ‘எடை’ அங்கே ‘நிறை’. சொல்லில் இவ்வளவு விலகி நிற்கும் இரு தமிழ்வழிக் கல்விகள் தேர்வின் அமைப்பிலும் விலகி நின்றன. இலங்கை மாணவர் எவரும் விசையியலைக் கல்லாமல் உயர்தரத் தேர்வுக்குச் செல்ல முடியாது. தமிழ்நாட்டு மாணவர் செல்ல முடிந்தது.

பதினோராம் வகுப்பில் வைக்கப்பட்டவை எவை என்பதே சிக்கலின் மையம். அளவீடு, இயக்கம், இயக்க விதிகள், வேலையும் ஆற்றலும், திண்மப் பொருளின் சுழற்சி, ஈர்ப்பு, பருப்பொருளின் பண்புகள், வெப்பம், அலைவு, அலை என இயற்பியலின் அடித்தளம் முழுவதும் அவ்வாண்டுக்குரியது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் இவற்றின் மீதே எழுகிறது. மின்னழுத்தத்தின் வரையறை, விசைக்கு எதிராகச் செய்யப்படும் வேலை என்னும் கருத்தின்றிப் பொருள்படாது. காந்தப்புலத்தில் மின்துகள் வட்டப்பாதையில் செல்வதை மையநோக்கு விசை அறியாதவர் விளக்க இயலாது. மின்தூண்டியும் மின்தேக்கியும் இணைந்த சுற்றின் அலைவுகள் சுருள்வில்லின் அலைவுகளோடு ஒப்பிட்டே விளக்கப்படுகின்றன. போர் அணு மாதிரியின் முதன்மையான எடுகோள் கோண உந்தம் பற்றியது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இச்சொல்லை முதன்முதலாக அணுவில்தான் சந்திக்கிறார் என்றால், அவருக்கு அது மனனம் செய்ய வேண்டிய ஒரு தொடர், அவ்வளவே.

மனனம் போதுமானதாகவும் இருந்தது. 200 மதிப்பெண் முறையில் இயற்பியலுக்கு எழுத்துத்தேர்வு 150, செய்முறை 50. அம்முறையின் பிற்கால வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 30, மூன்று மதிப்பெண் விடைகள் 15, ஐந்து மதிப்பெண் விடைகள் 7, பத்து மதிப்பெண் விடைகள் 4 என்பது பங்கீடு. நெடுவினாக்கள் பெரும்பாலும் பாடநூலில் உள்ள தருவிப்புகளையே கேட்டன. அவற்றை வரிமாறாமல் எழுதியவர் முழு மதிப்பெண் பெற்றார். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி ஏன் பிறக்கிறது என்று விடைத்தாள் கேட்டதில்லை.

1984இல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத்தேர்வு வந்தது. அதை நீக்கிய சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தபின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே அளவுகோலாயிற்று. பொறியியல் சேர்க்கையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மருத்துவத்தில் கணிதத்தின் இடத்தில் உயிரியல். தரவரிசையில் அரை மதிப்பெண்ணும் ஒருவரின் கல்லூரியை மாற்றும் நிலையில், மதிப்பெண் தராத ஓராண்டுக்கு உழைப்பதை வீண் எனப் பல தனியார் பள்ளிகள் கணக்கிட்டன. பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, ஈராண்டும் அதையே திரும்பத் திரும்ப நடத்தும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. இதனைத் தனியார் பள்ளிகளின் பேராசை என்று மட்டும் கூறுதல் வரலாற்றைச் சுருக்குவதாகும். சேர்க்கை விதி எதை அளந்ததோ அதையே பள்ளிகள் நடத்தின. விட்டுப்போன விசையியலின் கணக்கு, பொறியியல் கல்லூரியின் முதலாண்டு வகுப்புகளில் வெளிப்பட்டது.

2017இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது அதே குறை வேறு வடிவில் வெளிப்பட்டது. 720 மதிப்பெண்ணில் இயற்பியலுக்கு 180, அதாவது கால்பங்கு. முந்தைய முறையிலும் 200க்கு 50 என்ற அதே கால்பங்குதான். ஆக, இயற்பியலின் எடை கூடவில்லை. ஆனால் வினாக்கள் இரு வகுப்புகளின் பாடத்திலிருந்தும் வந்தன, தருவிப்புக்கு இடமில்லை, செய்முறைக்கு மதிப்பெண்ணே இல்லை. கட்டணப் பயிற்சி மையத்தில் சேர முடிந்தவர் விட்டுப்போன ஆண்டை அங்கே ஈடுசெய்தார். பதினோராம் வகுப்புப் பாடத்தை முறையாக நடத்திய பள்ளியின் மாணவருக்கோ முந்தைய முறை அதற்கென எதையும் அளித்ததில்லை. புதிய முறையின் வேகக் கணக்குகளுக்கு அப்பாடநூலின் பயிற்சி போதவுமில்லை.

2017 மே மாதத்தில் அரசு பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வை அறிவித்தது. அவ்வகுப்புப் பாடங்கள் புறக்கணிக்கப்படுவது, முன்வைக்கப்பட்ட காரணங்களுள் ஒன்று. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டுதலில் உருவான புதிய பதினோராம் வகுப்பு இயற்பியல் நூல் அதே ஆண்டில் 11 அலகுகளுடன் வெளிவந்தது. ஆந்திர வாரியம் நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவை ஒத்த இம்மாற்றம் முழுமை பெறவில்லை. உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே கொள்ளப்படும் என 2018 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. தேர்வு எஞ்சியது, அதன் பயன் நீங்கியது. பெருந்தொற்றால் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்ட 2021இல் மட்டும் பதினோராம் வகுப்பின் எழுத்துத்தேர்வு மதிப்பெண்ணுக்கு இறுதி மதிப்பெண்ணில் 20 விழுக்காடு அளிக்கப்பட்டது. பள்ளிக்கல்வியின் எந்தத் திட்டமும் தராத இடத்தை ஒரு பேரிடர் தந்தது.

2025 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. மாணவர் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வுகளை எதிர்கொள்ளும் அழுத்தம் அதற்குரிய காரணமாகக் கூறப்பட்டது, அக்காரணம் பொய்யன்று. நீட் தேர்வு அப்பாடங்களிலிருந்து தொடர்ந்து வினாக்களை எடுக்கிறது. பதினோராம் வகுப்பு நூலின் ஐந்தாம் அலகில் உள்ள கோண உந்தம், 2018க்கு முன்பு போலவே, பள்ளியின் ஆண்டுத்தேர்வுக்கு மட்டும் உரியதாயிற்று.