பழவேற்காட்டில் ஒரு பகல்

சுவிட்சர்லாந்து நாட்டின் லூசெர்ன் நகரம் ஓர் ஏரியின் கரையில் அமைந்தது. காலையில் வந்திறங்கி, பழைய வீதிகளையும் ஆலயங்களையும் கண்டு, மாலையில் ஏரிக்கரையில் சற்றே அமர்ந்துவிட்டுத் திரும்புவோர் அங்கே ஆண்டு முழுதும் உண்டு. அந்நகரின் அடையாளமான மரப்பாலம் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1993 ஆகஸ்டில் ஓரிரவு அது தீப்பற்றிப் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. எட்டே மாதத்தில், 1994 ஏப்ரலில், அதைப் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பி மக்கள் நடமாட விட்டனர். தம் ஊரின் பழமையைத் தம் உடைமையாக எண்ணும் மக்களின் செயல் அது.

திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் ஏரிக்கரை நகரம் உண்டு. லூசெர்னின் பெயரைக் கேள்வியுற்றவர் பலர் அதன் பெயரை மீனோடும் இறாலோடும் மட்டுமே சேர்த்து அறிவர். அதுவே பழவேற்காடு. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் ஆம்ஸ்டர்டாமிலும் மலாக்காவிலும் பத்தேவியாவிலும் வணிகர் நாவில் புழங்கிய பெயர் அது. செவ்வாப்பேட்டையில் விடியற்காலைப் புறநகர் இரயிலில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினால், எண்ணூரையும் மீஞ்சூரையும் கடந்து பொன்னேரியை அடையலாம். அங்கிருந்து பேருந்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வழியில் சோழர் காலக் கோயில் கொண்ட திருப்பாலைவனம் வரும். வெயில் ஏறுமுன் பழவேற்காட்டில் இறங்கிவிடலாம். ஒரு பகல் போதும், ஊரைச் சுற்றி வர. ஆனால் அவ்வூர் சொல்லும் கதை ஒரு பகலில் அடங்குவதன்று.

காலை: ஏரியும் துறையும்

ஊருக்குள் நுழைவோர் முதலில் காண்பது ஏரியைத்தான். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில். தென்கோடி மட்டுமே தமிழகத்தில். தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீர் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல் உப்புநீர் கொணர்கிறது. மழைக்காலத்தில் நீர் இனிக்கும். கோடையில் கடலினும் கரிக்கும். ஆழமோ பல இடங்களில் ஓராள் இடுப்பளவைத் தாண்டாது. அந்த ஆழமின்மையே பூநாரைகளை இங்கே வரவழைக்கிறது. பனிக்காலக் காலைகளில் நீரின் மீது இளஞ்சிவப்புக் கோடு இழுத்தாற்போல அவை நிற்கும்.

கீழ்ப்புறத்தில் ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்கும் நெடுந்தீவு ஸ்ரீஹரிகோட்டா. 1980-இல் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் ரோகிணியைச் சுமந்து எழுந்தது அங்கிருந்துதான்.

பெருங்கப்பல்கள் இவ்வேரிக்குள் நுழைந்ததில்லை. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் முகத்துவாரத்தின் வழியே சரக்கை ஏற்றி இறக்கின. புயலுக்கு ஒதுங்க ஏரி. உள்நாட்டுக்குச் செல்ல நீர்வழி. பின்புலத்தில் நெசவாளர் ஊர்கள். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்ததால் விசயநகர வேந்தர் காலத்தில் இது சோழமண்டலக் கரையின் தலையாய துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. 1516-ஆம் ஆண்டளவில் எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா, முஸ்லிம்களும் இந்துக்களுமாகப் பெருவணிகர் நிறைந்த ஊர் என்றும், இங்கிருந்து சாயத் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சென்றன என்றும், பெகு நாட்டு மாணிக்கக் கற்கள் இங்கே மலிவு என்றும் குறித்து வைத்தார்.

அக்கால நகரின் எச்சங்களைக் கால்நடையாகவே காணலாம். விசயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புரைக் கல்லால் ஆனது. அதில் விரலளவே உள்ள இராமாயணச் சிற்பங்கள் கண்ணுக்கு விருந்து. பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டிய நிழற்கடிகாரம் உண்டு. மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் 1515 என்பது வழிவழி வரும் செய்தி. மூன்று சமயத்தாரும் ஒரே ஏரியின் வருவாயில் வாழ்ந்தனர் என்பதற்கு இச்சிறு சுற்றே சான்று.

உச்சிவேளை: இல்லாத கோட்டை

பேருந்து நிற்குமிடத்திற்கு அருகிலேயே புதர் மண்டிய மேடொன்றும், அகழியின் தடமும் தெரியும். விவரம் அறியாதவர் அதைக் காடென்றே கடந்து செல்வர். அதுதான் கெல்திரியாக் கோட்டை இருந்த இடம்.

மொலுக்கத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் விளைவித்தோர் ஐரோப்பிய வெள்ளியைக் காட்டிலும் சோழமண்டலத் துணியையே விரும்பினர். துணியின்றி மிளகும் கிராம்பும் இல்லை என்பதை ஒல்லாந்தர் விரைவில் உணர்ந்தனர். சந்திரகிரி அரசர் இரண்டாம் வேங்கடபதியிடம் இசைவு பெற்று 1610-இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். 1612-இல் சாந்தோம் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே, 1613-இல், நான்கு கொத்தளங்களோடு கோட்டை எழுந்தது. தலைவர் வெம்மர் வான் பெர்க்கெமின் தாயகமான கெல்டர்லாந்து மாநிலத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்குமான ஒல்லாந்தர் ஆட்சித் தலைமையிடம் இதுவே. நாணயம் அடித்தனர், வெடிமருந்து செய்தனர். அச்சுதப்பச் செட்டி, அவர் தம்பி சின்னண்ணச் செட்டி போன்ற பெருவணிகர் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி திரட்டித் தந்தனர். தாமும் கப்பல் விட்டு வணிகம் செய்தனர்.

சென்னை நகரம் பிறந்ததற்கும் இக்கோட்டையே ஒரு காரணம் எனலாம். ஆங்கிலேயர் முதலில் பழவேற்காட்டில்தான் ஒல்லாந்தரோடு கூட்டாக வணிகம் செய்ய முயன்றனர். ஒத்துவராமற்போகவே விலகி, 1626-இல் ஏரியின் வடபுறத்தே ஆர்மகான் எனப்பட்ட துர்க்கராசப்பட்டினத்தில் தளம் அமைத்தனர். அங்கிருந்து தெற்கே இடம் தேடி வந்த பிரான்சிஸ் டே 1639-இல் பெற்ற மணல்வெளியே மதராசபட்டினம். பழவேற்காட்டில் இடம் கிடைத்திருப்பின் மதராசின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

ஒல்லாந்தர் தலைமையிடம் 1690-இல் நாகப்பட்டினத்திற்கு மாறியதும் ஊர் தளரத் தொடங்கிற்று. 1781-இல் நாகை ஆங்கிலேயர் வசமாயிற்று; பழவேற்காடு கை மாறி மாறிச் சென்றது. 1795-இல் மீண்டும் ஆங்கிலேயர் பிடித்தனர். 1806-இல் கோட்டையைத் தகர்த்தனர். 1818-இல் ஊர் மட்டும் ஒல்லாந்தருக்குத் திரும்பக் கிடைத்தது. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மறு ஆண்டில் அதையும் அவர்கள் ஒப்படைத்துச் சென்றனர்.

கோட்டை போயிற்று, பெயர் போகவில்லை. அருகிலுள்ள மீனவர் ஊர் இன்றும் கோட்டைக்குப்பம்.

பிற்பகல்: பெயருள்ளோரும் பெயரற்றோரும்

ஊரின் ஒருபுறம் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் உள்ளது. வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே கூம்புத் தூண்களும் சிறு மண்டபங்களும் தரையில் பதித்த கற்பலகைகளும். பலகைகளில் குலச் சின்னமும், டச்சு மொழியில் பெயரும், பிறந்த நாளும் இறந்த நாளும் நுட்பமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இளமையிலேயே இறந்தோரும், கைக்குழந்தைகளும் அவர்களில் உண்டு. பல ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்து காய்ச்சலுக்கு இரையானோரைக் கண்டு நெஞ்சு இளகாதவர் இலர்.

ஆயினும், வரலாற்றை முழுமையாகப் படிக்க விழைவோர் இவ்விடத்தில் மற்றொன்றையும் நினைக்கக் கடமைப்பட்டவர். இத்துறையிலிருந்து துணி மட்டும் ஏற்றுமதியாகவில்லை, மனிதரும் ஏற்றுமதியாயினர். பதினேழாம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் இந்நாட்டை வாட்டிய ஆண்டுகளில், சிறப்பாக 1640-களில் பீசப்பூர், கோல்கொண்டாப் படையெடுப்புகளை ஒட்டி வந்த பஞ்சத்தில், ஒரு படி அரிசிக்கும் வழியற்றோர் தம்மையும் தம் மக்களையும் விற்றனர். தரகர் அவர்களைத் திரட்டிக் கரைக்குக் கொணர்ந்தனர். பல்லாயிரவர் அடிமைகளாகக் கப்பலேறி, இன்றைய ஜகார்த்தாவாகிய பத்தேவியாவுக்கும் பிற தீவுகளுக்கும் சென்றனர். கணக்குப் பேரேடுகளில் அவர்கள் எண்ணிக்கையாக உள்ளனர். வாங்கியவர் பெயர் கல்லில் உண்டு. விற்கப்பட்டவர் பெயர் எங்கும் இல்லை. அவர்களும் இந்த மாவட்டத்தாரின் முன்னோரே. கல்லறைத் தோட்டத்தைக் காக்க வேண்டியதுதான். ஆனால் அதன் வாயிலில் அம்மக்களைப் பற்றியும் தமிழில் நான்கு வரி எழுதி வைப்பதே முறை.

அதே ஊரில், அதே காலத்தில், இலக்கிய அன்பர் நெஞ்சில் நிறுத்தத்தக்க வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. ஆபிரகாம் ரோகேரியுஸ் என்னும் டச்சுப் பாதிரியார் 1630-களில் தொடங்கிப் பத்தாண்டுக் காலம் இங்கே பணியாற்றினார். பத்மநாபன் என்னும் அந்தணரோடு போர்த்துக்கீச மொழியில் உரையாடி, இந்நாட்டு வழிபாடு, வழக்கம், நூல்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதினார். பாதிரியார் இறந்தபின் 1651-இல் அந்நூல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. அதில் பர்த்துருஹரியின் வடமொழிச் செய்யுள்களின் டச்சு மொழியாக்கமும் இடம் பெற்றது. வடமொழி இலக்கியம் அச்சு வடிவில் ஐரோப்பிய மொழியொன்றை எட்டியது அதுவே முதன்முறை எனக் கருதப்படுகிறது. சார்லஸ் வில்கின்ஸ் 1785-இல் கீதையை ஆங்கிலத்தில் வெளியிட்டதற்கு 134 ஆண்டுகள் முற்பட்டது அது. ஆளை விற்ற கரையிலேயே அறிவைக் கேட்டறிந்தவரும் இருந்தார் என்பதை எண்ணும்போது, ஒரு காலத்தை ஒரே சொல்லில் புகழ்ந்தோ இகழ்ந்தோ முடித்துவிட இயலாது என்பது விளங்கும்.

மாலை: அழியாதவை

வெயில் தாழ்ந்ததும் மீண்டும் ஏரிக்கரைக்கு வருவது நலம். படகில் ஏறி முகத்துவாரம் வரை செல்லும் ஆசை யாருக்கும் எழும். 2011 டிசம்பர் 25 அன்று அவ்வாறு சென்ற படகொன்று கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்தனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். அதன்பின் உல்லாசப் படகுச் சவாரி தடைசெய்யப்பட்டது. கரையில் நின்று காண்பதே அறிவுடைமை.

கரையிலிருந்து காண்பதற்கும் நிறைய உண்டு. ஏரியில் வலையிடும் உரிமையை மீனவர் 'பாடு' என்னும் பழைய முறைப்படி பகிர்ந்துகொள்கின்றனர். இறால் மிகுந்த இடம் எது, குறைந்த இடம் எது என்பது அனைவரும் அறிந்ததே. ஆகவே ஒரே குழு நல்ல இடத்தை வைத்துக்கொள்ளாதபடி, ஊரும் தலைக்கட்டும் கணக்கிட்டு முறை வைத்து மாற்றிக்கொள்கின்றனர். வலியோன் எளியோனின் பங்கைப் பறிக்காதிருக்க எழுதாச் சட்டம் ஒன்றை இவ்வூரார் தாமே வகுத்துக்கொண்டுள்ளனர். அம்முறையிலும் குறை உண்டு. எல்லாச் சமூகத்தாரும் அதில் இடம் பெறவில்லை. எனினும் கோட்டையைவிட உறுதியாக நிற்பது அதுதான்.

துணியின் கதையும் முடிந்துவிடவில்லை. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆடவர் உடுக்கும் கட்டமிட்ட கைலிக்கு மலாய் மொழியில் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது பழவேற்காடே. கோட்டையை எழுப்பிய கும்பினி 1799-இல் கலைந்தது. நெய்தவர் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை. ஊரின் பெயர் மட்டும் கடல் கடந்து மக்கள் இடுப்பில் நிற்கிறது. ஊரிலோ, முஸ்லிம் பெண்கள் பனங்குருத்தோலையில் வண்ணமேற்றிப் பின்னும் பெட்டிகளும் கூடைகளும் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன.

ஏரிக்கோ இடர்கள் பல. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும்போதெல்லாம் கடல்நீர் வரத்தும் இறால் வரத்தும் குறைகின்றன, மீனவர் திண்டாடுகின்றனர். தெற்கே அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வந்துவிட்டன. ஊருக்குள் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து மறைகின்றன. தொல்பொருள் துறை காப்பது கல்லறைகளை; வாழும் ஊரைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதே வினா.

அதற்கு விடை அருகிலேயே தொடங்க வேண்டும். செவ்வாப்பேட்டை, திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பள்ளிகளின் மாணவர் ஆண்டுக்கு ஒருமுறை இங்கு அழைத்து வரப்படலாம். கோட்டை மேட்டில் நிறுத்தி, இது என்ன என்று அவர்களுக்குச் சொல்ல ஓர் ஆசிரியர் போதும். முதிய மீனவரிடமும் ஓலை பின்னும் மூதாட்டியரிடமும் உள்ள ஊர்க்கதைகளையும் தொழிற்சொற்களையும் எழுதிச் சேர்க்க ஓர் இலக்கிய வட்டம் போதும். லூசெர்ன் மக்களுக்கு எரிந்த பாலத்தை மீட்டெடுக்கப் பழைய வரைபடங்கள் இருந்தன. பழவேற்காட்டின் வரைபடம் அவ்வூர் மக்களின் நினைவில் இருக்கிறது, அந்நினைவுக்கு வயதாகிறது.

பொழுது சாயும் நேரத்தில் பொன்னேரிப் பேருந்து புறப்படுகிறது. மீன்கூடைகளோடு ஏறும் பெண்கள் முன்னிருக்கைகளை நிரப்புகின்றனர். சாளரத்தின் வழியே அந்தப் புதர்மேடு ஒருமுறை தெரிந்து மறைகிறது. காலையில் வரும்போது அதைக் காடென்று எண்ணியவர், திரும்பும்போது கோட்டையென்று அறிந்து காண்கிறார். அந்த ஒரு பகலின் பயன் அதுவே.