கணினித் திரையும் இணைப்பு வடமும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியையும் அதன் திரையையும் இணைக்கும் வடத்தைத் தெரிவுசெய்யுமிடத்து, செருகி பொருந்தினால் வடமும் பொருத்தமானதே எனக் கொள்வது வழக்கம். அக்கொள்கை ஒருகாலத்தில் பிழையற்றதாகவே இருந்தது. அது வலுவிழந்தவாற்றை அறிவதற்கு 1981ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

அவ்வாண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் வண்ணத் திரை ஒன்பது முனைச் செருகியால் இணைக்கப்பட்டது. சிவப்பு, பச்சை, நீலம், செறிவு ஆகிய நான்கிற்கும் தனித்தனிக் கம்பிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டையே உணர்த்த வல்லதாகையால் பெறக்கூடிய நிறங்கள் 16 மட்டுமே. எனவே தொடக்ககால வடம் இலக்கமுறையினதே. பின்னாளில் புதுமையெனப் போற்றப்பட்டது ஒருவகையில் பழமைக்குத் திரும்பியமையே எனலாம். நிறங்களைப் பெருக்கக் கம்பிகளையும் பெருக்கவேண்டும் என்னும் இடர்ப்பாட்டை 1987இல் தோன்றிய வீ.ஜீ.ஏ. முறை நீக்கியது. மூன்று நிறக் கம்பிகளில் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டியும் குறைத்தும் 262,144 நிறங்களை அது சாத்தியமாக்கியது. கதோட்டுக் கதிர்க்குழாயில் இலத்திரன் கற்றையின் வலிமையும் அவ்வாறே மாறுவதாகையால், இவ்வொப்புமைமுறை அக்காலத் திரைகளுக்கு இயல்பாகவே இசைந்தது. அதன் பதினைந்து முனைச் செருகி கால் நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்தது. விரிவுரை மண்டபங்களின் எறிவைகள் அதனை எளிதில் கைவிடவில்லை.

திரவப்பளிங்குத் திரைகள் பரவியபோது நிலைமை மாறிற்று. கணினியின் இலக்கங்கள் மின்னழுத்தமாக்கப்பட்டு, வடத்தினூடு சென்று, திரையினுள் மீண்டும் இலக்கங்களாக்கப்பட்டன. வேண்டப்படாத இவ்விரு மாற்றங்களால் எழுத்துகளின் விளிம்பு மங்க நேர்ந்தது. 1999இல் வகுக்கப்பட்ட டீ.வீ.ஐ. இதற்குப் பரிகாரமாயிற்று. பழைய திரைகளையும் புறக்கணியாது ஒப்புமை முனைகளுக்கும் அது இடமளித்தமை விவேகமான இணக்கமே. ஆயினும் குழப்பத்தின் வித்தும் அங்கேயே ஊன்றப்பட்டது: ஒப்புமை மட்டும், இலக்கம் மட்டும், இரண்டும் என ஒரே பெயரின்கீழ் மூவகைச் செருகிகள் உருவாயின.

2002இல் தொலைக்காட்சி உற்பத்தியாளர் முன்னின்று வகுத்த எச்.டீ.எம்.ஐ., படத்துடன் ஒலியையும் ஏந்தியது. அதனைப் பயன்படுத்துவோர் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. கணினித் துறையினரின் வேசா அமைப்பு 2006இல் வெளியிட்ட டிஸ்பிளேபோட்டுக்கு அவ்வமைப்பு அத்தகைய கட்டணம் விதிக்கவில்லை. இவ்விரண்டும் வேறுவேறு முறைகளில் தரவைச் செலுத்துவன. டிஸ்பிளேபோட் உள்ள கணினிகள் பலவற்றை எளிய மாற்றியொன்றால் எச்.டீ.எம்.ஐ. திரையுடன் இணைக்கலாம், எதிர்த்திசையில் அது இயலாது, மின்சுற்றுடன் கூடிய மாற்றி வேண்டும். கடைகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுவதில்லை.

செருகி மாறாதிருக்க அதன் ஆற்றல் மாறியமையே தெரிவுக்கு நேர்ந்த பெருஞ்சிக்கல். 3840 × 2160 புள்ளிகள் கொண்ட திரையைச் செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்க, புள்ளியொன்றுக்கு 24 பிற்றுகள் வீதம், செக்கனுக்கு ஏறத்தாழ 1,200 கோடி பிற்றுகள் செல்லவேண்டும். எச்.டீ.எம்.ஐ.யின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு இதிற் பாதி வேகத்தை, அதாவது 30 தடவையையே தரவல்லது. 60 தடவை 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் கைகூடியது. இரண்டிற்கும் செருகி ஒன்றே. ஆகவே செருகியை மட்டும் நோக்கி வாங்குபவர், புதிய திரையிலும் சுட்டி தயங்கித் தயங்கி நகர்வதைக் காண நேரலாம்.

2014இல் வந்த யூ.எஸ்.பி.-சி இந்நிலையை மேலும் முற்றச் செய்தது. மின்னேற்றமும் தரவும் படமும் அவ்வொரே துளையிற் செல்லக்கூடும். எனினும் மின்னேற்றத்திற்கென்றே விற்கப்படும் வடங்கள் பலவற்றுள் படத்தைக் கடத்தும் கம்பிகள் இல்லை. அவை துளையிற் செவ்வையாகப் பொருந்துகின்றன, கணினிக்கு மின்னும் ஏறுகின்றது; திரை மட்டும் இருண்டே கிடக்க, பழுது திரையின்மேல் ஏற்றப்படுகின்றது.